ஏழு பிள்ளைக்கு ஏழு பாட்டு

கோலாலம்பூரிலிருந்து தீபாவளிக்கு வந்திருந்த அண்ணன் மகள், முறுக்கை நொறுக்கிக்கொண்டே கேட்டாள்: "சித்தப்பா, உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச மியூசிக்கல் எது?"

மீன்காரரிடம் போய் "தண்ணியில வாழுற மீன் இருக்கா?" என்று கேட்டால் அவர் எப்படி முழிப்பாரோ அப்படி முழித்தேன். பாட்டு இல்லாத நாடகம் என்று ஒன்று உண்டா என்ன? தமிழனுக்கு மியூசிக்கல் என்று தனியாக ஒரு ஜாதி கிடையாது. பாட்டு இல்லாததுதான் அதிசயப் பிறவி, அதற்குத்தான் தனிப் பெயர் தேட வேண்டும்.

"எல்லாமே" என்றேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. ஆகவே பாட்டி சொன்னது, நான் படித்தது, நடுநடுவே என் வாய்க்கொழுப்பு எல்லாம் சேர்த்து முழு வரலாற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

எங்கள் ஊர் ரெங்கம். ஜொகூரில், குளுவாங் மாவட்டம். வெளியூரில் பெயரைச் சொன்னால், "ஓ, ஜெயில் இருக்கே, அந்த ஊரா?" என்பார்கள். அது சிம்பாங் ரெங்கம். ஜெயிலும் ஹைவேயும் அவர்களுக்குப் போய்விட்டன. எங்களுக்கு ரயில் ஸ்டேஷனும் கித்தா என்கிற ரப்பர்க் காடும், பிறகு செம்பனையும். 1909இல் ஜொகூர் ரயில் பாதை முடிந்த காலத்திலிருந்து ரயிலும் இந்தப் பக்கம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஊர்ப் பெயர் 'அரங்கம்' என்ற சொல்லின் தேய்வு என்பது என் சொந்த ஆராய்ச்சி. மொழியியல் பேராசிரியர்கள் கல்லெறியலாம், தப்பில்லை. ஸ்ரீரங்கம் காவிரிக்கு நடுவில் இருக்கிற அரங்கம். எங்களுடையது கித்தாக் காட்டுக்கு நடுவில். அங்கே பெருமாள் விடிய விடியப் படுத்திருக்கிறார். இங்கே சனம் விடிய விடிய உட்கார்ந்திருந்தது. நாடகம் பார்க்க.

என்ன நாடகம் என்று கேட்டால், பாட்டி ஒரே மூச்சில் சொல்வார்: வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அரிச்சந்திரா, நல்லதங்காள். எல்லாம் தெரிந்த கதைதான். முருகன் வள்ளியைக் கட்டப்போகிறார் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். பிறகு எதற்கு எட்டு மணி நேரம்? அங்கேதான் சூட்சுமம். வள்ளி தினைப்புனத்தில் கையில் கவணோடு நிற்கிறாள். நாரதர் வருகிறார். "கல்யாணம் ஏன் வேண்டாம்?" என்று பாட்டில் கேட்கிறார். அவள் பாட்டில் மடக்குகிறாள். அவர் திருப்பி மடக்குகிறார். இதற்குத் தர்க்கம் என்று பெயர். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை என்ற வழக்கமே இல்லை. மதுரையிலிருந்து ஒரு வள்ளி, புதுக்கோட்டையிலிருந்து ஒரு நாரதர், அன்று சாயங்காலம்தான் சந்திப்பார்கள். மேடையில் யார் யாரை மடக்குகிறார்கள் என்பது நிஜமான சண்டை. மாப்பிள்ளை முருகன் உள்ளே பவுடர் பூசியபடி காத்திருப்பார். தர்க்கம் சூடு பிடித்துவிட்டால் அவர் மேடைக்கு வரும்போது கோழி கூவியிருக்கும்.

"இது நம்ம குனோங் லேடாங் இளவரசி மாதிரி இருக்கே" என்றாள் அண்ணன் மகள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, 2006இல், கோலாலம்பூர் இஸ்தானா புடாயாவில் தியாரா ஜேக்கலினா நடித்து 'புத்ரி குனோங் லேடாங்' மேடையேறி ஊரே பேசியது. அந்த மலையும் நம் ஜொகூரில்தான் இருக்கிறது. மலாக்கா சுல்தான் பெண் கேட்டு ஆள் அனுப்புகிறார். அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. பொன்னால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம், கொசுவின் இதயம் ஏழு தட்டு என்று பட்டியல் போட்டுக் கடைசியில் மகனுடைய இரத்தம் ஒரு கிண்ணம் என்கிறாள். கேட்டவர் ஓடிவிட்டார். வள்ளி பரவாயில்லை, நாரதரின் தொண்டையை மட்டும்தான் கேட்டாள். மலைமேல் நிற்கும் பெண்ணிடம் வாயைக் கொடுக்கக்கூடாது என்பது இரண்டு மொழிக்கும் பொது.

இந்த நாடகங்களுக்கெல்லாம் தலைமை வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). முதலில் நடிகராக இருந்தவர். சனீசுவரன் வேடம் கட்டி ஆடிவிட்டு, விடியற்காலையில் வேடத்தைக் கலைக்கக் குளத்துக்குப் போனாராம். துணி வெளுக்க வந்த பெண் பார்த்தாள். நிஜச் சனியே எழுந்து வருகிறது என்று மிரண்டு அங்கேயே உயிரை விட்டாள் என்று ஒரு கதை உண்டு. எந்த நடிகருக்கும் இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்திருக்காது. சுவாமிகள் ஆனால் அதோடு வேடத்தை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டார். 'அபிமன்யு சுந்தரி'யை வசனம், பாட்டு சகிதமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று டி.கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். இன்றைக்கு ஒரு பாட்டு எழுத மலேசியாவுக்கு வந்து ரூம் போடுகிறார்கள்.

1918இல் மதுரையில் அவர் தொடங்கிய சபைக்குத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று பெயர். பெயரை ஒரே மூச்சில் சொல்லும் பையனுக்கே வேஷம் கொடுத்திருப்பார்கள் போல. பெரியவர்கள் குடித்துவிட்டு வராமல் போகிறார்கள், சம்பளம் கேட்கிறார்கள். பையன்கள் என்றால் சோறு போட்டு அடித்து வளர்த்துவிடலாம். பாய்ஸ் கம்பெனிகளின் பொருளாதாரத் தத்துவம் இவ்வளவுதான். ஒரே ஒரு வில்லன் உண்டு, மகரக்கட்டு. பதினாலு வயதில் ஒரு நாள் காலையில் எழுந்தால் குயில் போய்த் தவளை வந்திருக்கும். நேற்றுவரை ஊரை அழவைத்த சந்திரமதி, இன்று வாயைத் திறந்தால் ஊர் சிரிக்கும். கம்பெனி அவனைத் திரை இழுக்க அனுப்பிவிடும். பி.யு. சின்னப்பா மாதிரி தொண்டையை மீட்டுக்கொண்டு வந்தவர்கள் குறைவு.

சரி, ரெங்கத்துக்கு வருவோம். மதராஸிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கியது நம் சனம். 1926க்குப் பிறகு 'ரஜூலா' என்றால் அது கப்பல் இல்லை, நடமாடும் கிராமம். அதில் வந்தவர்களிடம் ஆளுக்கு ஒரு தகரப் பெட்டி. அது சீக்கிரம் காலியாகிவிட்டது. மண்டைக்குள் இருந்த பாட்டு காலியாகவில்லை. பால் வெட்டுகிறவருக்கு ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு மரம். இருட்டில், கொசுக்கடியில், தன்னந்தனியாக. அரிச்சந்திரன் கதையை அந்தக் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போக முடியாது, அது எட்டு மணி நேரக் கதை. பாட்டைக் கொண்டு போகலாம். மயான காண்டத்துப் பாட்டு ஒன்றை இழுத்துப் பாடினால் ஒரு நிரை முடிந்துவிடும் என்பார் பாட்டி. எங்கள் தோட்டத்தில் நேரத்தை அளந்தது கணக்கெழுதும் கிராணியின் கடிகாரம் மட்டும் இல்லை.

எல்லா நாடகத்திலும் எங்கள் பக்கம் பெரிய ராணி நல்லதங்காள்தான். நாட்டில் பஞ்சம். மழை பொய்த்துவிட்டது. ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணி மூளியலங்காரி எரியாத அடுப்பில் பச்சை வாழை மட்டையை வைத்துப் புகை காட்டுகிறாள். நல்லதங்காள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று அண்ணன் மகள் கேட்டாள். பஞ்சம் பிழைக்கக் கப்பல் ஏறிய கூட்டம் அம்மா அது. எங்கள் லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூளியலங்காரிக்குத் தப்பி வந்த கதை இருந்தது. சிலர் அவளுக்குக் கடிதம்கூட எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பாட்டி அடிக்கடி சொன்ன ராத்திரி ஒன்று உண்டு. ஜப்பான்காரன் போன பிறகு, எமர்ஜென்சிக்கு முன்பு. சயாம் மரண ரயில் பாதைக்குப் போனவர்களில் திரும்பாதவர்கள் திரும்பப்போவதில்லை என்று எல்லாருக்கும் உறுதியாகிவிட்ட காலம். மாரியம்மன் கோயில் திருவிழா. தலைக்கு இவ்வளவு என்று வசூல் செய்து நாடகம் ஏற்பாடு. மேடை என்பது நாலு பீப்பாய் மேல் பலகை. இரண்டு காஸ் லைட்டு. ஒரு கால் ஹார்மோனியம், அதில் ஒரு கட்டை அழுத்தினால் எழாது. நல்லதங்காளாக நடித்தவர் காட்டில் மருந்து அடிக்கிறவர். மீசையை எடுக்கமாட்டேன் என்று மூன்று நாள் மறுத்து, கடைசியில் கங்காணி ஒரு புட்டி வாங்கிக் கொடுத்ததும் எடுத்தார். கிணறு என்பது தலைகீழாய்க் கட்டிய கோணிப் படுதா, பின்னால் லாலான் புல் மெத்தை. பிள்ளைகள் ஏழும் லயத்துப் பிள்ளைகள், கூலி ஆளுக்கு ஒரு பொட்டலம் கச்சான்.

முதல் பிள்ளைக்கு ஒரு பாட்டு. அழுகை. தூக்கிப் போட்டார். இரண்டாவதுக்கு வேறு ராகத்தில் ஒரு பாட்டு. மூன்றாவது பிள்ளை தூங்கிவிட்டது, தூக்கிப் போடும்போது விழித்து "எங்கம்மாகிட்ட போறேன்" என்று நிஜமாகவே அலறியது. அந்த இடத்தில் பெண்கள் பகுதி முழுக்கக் கரைந்துவிட்டது. நாலாவது பிள்ளை முடியும்போது மணி நாலரை. அஞ்சு மணிக்கு, வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டு. வெயில் ஏறினால் மரத்தில் பால் நின்றுவிடும், துரை நிற்கமாட்டார். சைடில் நின்ற கிராணி, "சுருக்கு, சுருக்கு" என்று கையைச் சுழற்றினார். நல்லதங்காளும் விவரமானவர்தான். மிச்சம் மூன்றையும் ஒரே கட்டாக அணைத்து, பாட்டே இல்லாமல், நெல் மூட்டை இறக்குகிற மாதிரி தொப்பென்று போட்டார்.

திடல் கப்சிப். பிறகு நடுவில் ஒரு கிழவர் எழுந்தார்.

"நிறுத்துய்யா! ஏழு பிள்ளைக்கு ஏழு பாட்டு. நாலுதான் ஆயிருக்கு. மூணு பாக்கி."

"தாத்தா, பெரட்டுக்கு மணியாச்சு" என்றார் கிராணி.

"தொரைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ மொதல்ல பிள்ளைங்கள வெளிய எடு."

கூட்டம் முழுவதும் "எடு, எடு" என்றது. கிணற்றிலிருந்து மூன்று பிள்ளைகள் உயிரோடு எடுக்கப்பட்டன. உலக நாடக வரலாற்றில் நல்லதங்காளின் பிள்ளைகள் சிவபெருமான் வருவதற்கு முன்பே பிழைத்தது எங்கள் தோட்டத்தில் மட்டுமாகத்தான் இருக்கும். ஒன்றின் வாயில் கச்சான் இருந்தது, அதை முழுங்கவைத்தார்கள். பிறகு முறைப்படி பாட்டு, முறைப்படி அழுகை, முறைப்படி கிணறு. ஏழாவது பிள்ளைக்குப் பாடும்போது பெரட்டு மணி அடித்தது. யாரும் எழவில்லை. துரையே தேடிக்கொண்டு வந்துவிட்டார். "என்ன நடக்கிறது?" என்று கிராணியிடம் கேட்டார். "பசி தாங்காமல் ஒருத்தி பிள்ளைகளைக் கிணற்றில் போடுகிறாள், சார்" என்று கிராணி உள்ளதைச் சொன்னார். அது சம்பள உயர்வுக் கோரிக்கைகள் சூடாக இருந்த காலம். துரை முகம் சிவந்து, "எவ்வளவு கேட்கிறார்கள்?" என்றாராம்.

அதற்கப்புறம் 1948இல் எமர்ஜென்சி வந்தது. ராத்திரி ஊரடங்கு, முள்வேலி. விடிய விடிய நாடகம் போடுகிற தொழிலுக்கு எங்கள் பக்கத்தில் உண்மையான எமன் அதுதான், சத்தியவானைப் பிடித்தவன் வெறும் வேஷக்காரன். நேரத்தோடு முடிகிற சரக்கு வேண்டியிருந்தது. இரண்டரை மணி நேரத்தில் அதே அழுகை, அதே பாட்டு. சினிமா.

சினிமாவும் வேறு வீட்டுப் பிள்ளை இல்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வந்தது. டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், கதாநாயகர் தெலுங்கில் பேசினார். இருவரும் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. காளிதாசர் காலத்துக் கதையில் தியாகராஜ கீர்த்தனையும் வந்தது, காந்தியின் ராட்டினத்தைப் பற்றிய பாட்டும் வந்தது. நூற்றாண்டுகள் முன்னே பின்னே இருந்தால் என்ன, பாட்டு நன்றாக இருந்ததா? இருந்தது. படப்பெட்டியை மாலை போட்டு, தேங்காய் உடைத்து ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். அடுத்து 1934இல் 'பவளக்கொடி'. 50 பாட்டு. எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு முதல் படம், இயக்கம் கே. சுப்பிரமணியம். அடையாற்றில் திறந்தவெளியில், சூரிய வெளிச்சத்தில் எடுத்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் எச்சில் இலைக்குக் காக்காய் வந்து கச்சேரி நடத்த ஆரம்பித்துவிடும். பாட்டும் நடிப்பும் ஒன்றாகப் பதிவாகிற காலம் அது, அர்ச்சுனன் காதலிக்கும்போது பின்பாட்டுக் காக்காய். ஆகவே காக்காய் சுட ஜோ என்று ஒருவரை வைத்தார்கள், டைட்டிலிலும் அவர் பெயரைப் போட்டார்கள் என்று ராண்டார் கை எழுதியிருக்கிறார். இசைக்கு இதைவிடத் தொண்டு செய்தவர் யார்?

அமெரிக்காவில் 1943இல் 'ஓக்லஹோமா' வந்தபோது, பாட்டு கதையை முன்னால் தள்ளுகிறது என்று அங்கே பெரிய கண்டுபிடிப்பாகக் கொண்டாடினார்கள். நமக்கு அந்த வியாதி கிடையாது. நம் பாட்டு கதையைத் தள்ளாது, "நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போய் உட்காரு" என்று கதையை நிறுத்திவைக்கும். அதற்குத்தான் நாம் காசு கொடுத்தோம். மறு வருஷமே, 1944 தீபாவளிக்கு, நம் ஆளும் பிராட்வேயில் இறங்கினார். நியூயார்க் பிராட்வே இல்லை, சென்னை பிராட்வே தியேட்டர். படம் 'ஹரிதாஸ்'. மூன்று தீபாவளி பார்த்தது. வேடிக்கை என்னவென்றால், படம் ஓடியபோது பாகவதர் வெளியே இல்லை. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அதே வருஷம் டிசம்பரில் கைதாகி, 1947இல் விடுதலையாகும் வரை உள்ளே இருந்தார். திரையில் தாய் தந்தையின் காலைப் பிடித்துப் பாடித் திருந்திய மனிதர் தினமும் மூன்று காட்சி விடுதலை ஆனார், நிஜ மனிதருக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போக வேண்டியிருந்தது. பாட்டி கடைசிவரை, "அந்தத் தொண்டை கொலை பண்ணுமாடா?" என்றே வாதாடினார். எந்த வக்கீலும் இந்தக் கோணத்தை எடுத்துவைத்ததாகத் தெரியவில்லை.

மலாய்க்காரர்களிடமும் பாட்டு வியாதியை ஒட்டவைத்தது நம் ஊர்ப் பக்கத்துக் கப்பல்கள்தான். பார்சி நாடகக் கம்பெனிகள் பினாங்கில் வந்து ஆடி, அதைப் பார்த்து 1885 வாக்கில் அங்கே பங்சாவான் பிறந்தது. அப்புறம் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் ஷா சகோதரர்கள் இந்தியாவிலிருந்து டைரக்டர்களை இறக்கினார்கள். பி. ரம்லியைக் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) எல். கிருஷ்ணன் எடுத்தது. தலைப்பையே பாருங்கள், மொழிபெயர்க்க வேண்டியதே இல்லை. எங்கள் தோட்டத்தில் ரம்லி படம் போட்டால் மலாய் தெரியாத கிழவிகளும் சரியான இடத்தில் அழுதார்கள். வழி தெரிந்த பாதை, செருப்பு மட்டும்தான் வேறு.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது 1954இல் ஒரு துரோகம் நடந்தது. பாட்டே இல்லாத 'அந்த நாள்'. செய்தவர் யார்? வீணை எஸ். பாலசந்தர்! சங்கீதமே தெரியாத ஒருவர் செய்திருந்தால் மன்னித்திருக்கலாம். சாம்பாருக்குப் பேர் போன ஐயர், விருந்தில் வெறும் சோற்றை வைத்துவிட்டு "ருசித்துப் பாருங்கள், புதுமை" என்ற மாதிரி.

படம் ஒருவழியாக எங்கள் திடலுக்கும் வந்தது. இரண்டு கழியில் வெள்ளைத் துணி, வேனில் ஜெனரேட்டர். கொலை நடந்தது. யார் கொன்றார்கள் என்று ஒவ்வொருவராக விசாரித்தார்கள். சிவாஜி அற்புதமாக நடித்தார். சனம் பொறுமையாக உட்கார்ந்திருந்தது, இப்போது வரும், இதோ வரும் என்று. படம் முடிந்து விளக்கு எரிந்தது. ஒருத்தரும் எழவில்லை.

பழைய கிழவர்தான் மறுபடியும் எழுந்தார். இப்போது கையில் தடி.

"பாட்டு ரீலை எங்க வித்தே?"

படம் போடுகிறவர் சத்தியம் செய்தார், படமே இப்படித்தான் என்று. யாரும் நம்பவில்லை. குளுவாங்கில் இறக்கிவைத்துவிட்டு வந்திருக்கிறான், காசை அடித்துவிட்டான் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தடி லேசாக அசைந்தது. மனிதர் வேனுக்குள் ஏறி, எதையோ தேடி, துருப்பிடித்த டப்பா ஒன்றை எடுத்துவந்தார். எப்போதோ அறுந்துபோன 'ஹரிதாஸ்' ரீல். மாட்டினார். திரையில் குதிரைமேல் பாகவதர் பாடிக்கொண்டு வந்தார். திடல் ஒரு பெருமூச்சு விட்டது. அது ஓடித் தீர்ந்ததும் எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு, முணுமுணுத்தபடி லயத்துக்கு நடந்தார்கள்.

"அந்த நாள்ல யார் பாட்டி கொலை பண்ணினது?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

"யாருக்குடா தெரியும்" என்றார் பாட்டி. "குதிரை வெள்ளைக் குதிரை."